கரண்ட் இல்லாம உலகம் உண்டா?

பிளஸ் டூ ரிசல்ட் வந்த வாரத்தில் மட்டும் கோவில்பட்டியில் எல்லோரும் கல்வியாளர்கள் ஆகிவிடுவார்கள். 2000இல் எங்கள் மளிகைக் கடைக்குத் துவரம் பருப்பு வாங்க வந்தவர்கள்கூட என் கட்-ஆஃப் கேட்ட பிறகுதான் பையை நீட்டினார்கள். அப்போது கட்-ஆஃப் 300க்கு. பிளஸ் டூ மதிப்பெண்ணிலிருந்து 200, நுழைவுத் தேர்விலிருந்து 100. எச்.பி. பென்சிலால் வட்டத்தைக் கருப்பாக்கும் அந்தத் தேர்வு 2007 சேர்க்கையிலிருந்து இல்லை. நான் எவ்வளவு எடுத்தேன் என்பதை இங்கே எழுதுவதாக இல்லை. பருப்பு வாங்கியவர்களுக்குத் தெரியும்.

ஐ.டி.தான் என்று அடித்துச் சொன்னவர் எஸ்.டி.டி. பூத்காரர். அவருக்கு ஆதாரம் இருந்தது. ஒய்.டூ.கே. வேலைக்கு அமெரிக்கா போன பையன்களின் அம்மாக்கள் அவருடைய கண்ணாடிக் கூண்டுக்குள் நின்றுதான் அழுதார்கள். மீட்டர் ஓடிய வேகத்தை வைத்து அவர் துறையின் வளர்ச்சியைக் கணித்திருந்தார். அந்த ஜூலையில் தரமணியில் டைடல் பூங்காவைத் திறந்தார்கள். பேப்பரில் படம் பார்த்த அப்பா, “இம்புட்டுக் கண்ணாடியத் துடைக்கவே ஆள் எடுப்பாங்களே” என்றார். வேலைவாய்ப்பு பற்றி அந்த வருடம் நான் கேட்டவற்றில் இது ஒன்றுதான் கண்ணால் பார்த்துச் சொன்னது.

ஆனால் குடும்பத்தின் கடைசித் தீர்ப்பு மின்வாரிய மாமாவுடையது. லைன் இன்ஸ்பெக்டர். இன்ஜினீயர்களைத் தினமும் நேரில் பார்ப்பவர் எங்கள் வகையறாவிலேயே அவர் ஒருவர்தான். “மருமகனே, ட்ரிபிள் ஈ எடு. கரண்ட் இல்லாம உலகம் உண்டா?” என்றார். அவர் சொல்லும்போது எங்கள் தெருவில் கரண்ட் இல்லை. யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

கிண்டியில் அண்ணா பல்கலைக்கழக வாசலில் கவுன்சிலிங்குக்குப் போனால், உள்ளே நுழைவதற்குள்ளேயே கை நிறைய வழவழப்பான கல்லூரிக் கையேடுகள். எல்லா அட்டையிலும் புல்வெளியில் உட்கார்ந்து ஒரே புத்தகத்தைப் பார்த்துச் சிரிக்கும் நான்கு பேர். உள்ளே திரையில் கல்லூரிப் பெயரும், பிராஞ்சும், மீதி இடங்களும். எங்களுக்கு முன்னால் போன ஒவ்வொருவரும் ஓர் எண்ணைத் தின்றுவிட்டு வெளியேறினார்கள். ஐ.டி. போனது, சி.எஸ். போனது, இ.சி.இ. போனது, மாமாவின் ட்ரிபிள் ஈயும் கண்ணெதிரே போனது. ஊருக்குப் பக்கத்தில் மிச்சம் இருந்தது சிவில். அப்பா குனிந்து கேட்டார்: “இதுல ஸ்கோப் உண்டாங்கய்யா?” கம்ப்யூட்டர் முன்னால் இருந்தவர் தலை நிமிராமல், “அடுத்தவங்க நிக்கிறாங்க, சீக்கிரம் சொல்லுங்க” என்றார். அப்பா அதை ‘உண்டு’ என்று எடுத்துக்கொண்டார்.

நாங்கள் முதல் வருடம் முடிப்பதற்குள் டாட்காம் கம்பெனிகள் சரிந்தன. 2001இல் வெளிவந்த ஐ.டி. அண்ணன்கள் பலர் ஆஃபர் லெட்டரைக் கையில் வைத்துக்கொண்டு ஜாயினிங் தேதிக்காகக் காத்திருந்தார்கள். பூத்காரர் சிவில்தான் என்றைக்கும் நிலையானது என்று பேச ஆரம்பித்தார். நாங்கள் முடித்த 2004இல் காற்று மறுபடி திரும்பி, பெரிய சாஃப்ட்வேர் கம்பெனிகள் எந்த பிராஞ்ச் என்று கேட்பதையே விட்டுவிட்டன. ரயில் பாலத்தைக் கடக்க எத்தனை நொடி ஆகும் என்று மட்டும் கேட்டார்கள். பாலத்தை எப்படிக் கட்டுவது என்று நான்கு வருடம் படித்தவன், ரயிலுக்குப் பதில் எழுதி வேலை வாங்கினேன். அங்கே எனக்குக் கொடுத்தது 1959இல் உருவான கோபால் மொழி. ஓர் அமெரிக்க இன்ஷூரன்ஸ் கம்பெனியின் பழைய புரோகிராம்கள். நம்ம ஊர் ஆள் எவனோ கண்டுபிடித்தது என்று மாமா பெயரை வைத்தே பெருமைப்பட்டார்.

திரையில் என் கண்முன்னே ஐ.டி. இடத்தைத் தூக்கிக்கொண்டு போன வகுப்புத் தோழன், பிறகு அவன் அப்பாவின் காண்ட்ராக்ட் தொழிலுக்குள் போய்விட்டான். ஊரில் எங்கள் வீட்டைக் கட்டிக்கொடுத்தது அவன்தான். கான்கிரீட் போடுகிற அன்று, கலவையை ஸ்லம்ப் கோன் வைத்துப் பார்த்துவிடலாமே என்று நான் மெல்ல எடுத்துக் கொடுத்தேன். “மாப்ள, நீ வெயில்ல நிக்காத” என்றான். வீடு இதுவரை ஒழுகவில்லை.

இப்போது 2025. மகளின் கட்-ஆஃப் 200க்கு. 2018லிருந்து கவுன்சிலிங் ஆன்லைனில். கையேடு கொடுப்பவர்கள் வாசலிலிருந்து யூடியூபுக்கு இடம்பெயர்ந்து, சிவப்பு அம்புக்குறி போட்ட படங்களோடு அடுத்த ரவுண்டைக் கணிக்கிறார்கள். ஒரு பிராஞ்சில் இவ்வளவு இடம்தான் என்ற உச்சவரம்பை ஏ.ஐ.சி.டி.இ. 2024இல் எடுத்துவிட்டது. கம்ப்யூட்டர் இடங்கள் பெருகின. சிவிலைப் பல கல்லூரிகள் சத்தமில்லாமல் சுருக்கிவிட்டன.

வகையறாவில் இப்போதைய நிபுணர் நான். சாஃப்ட்வேரில் இருப்பவன் அல்லவா? பகலில் ஆபீசில், நான் இருபது வருடமாகக் காபந்து பண்ணிய கோபால் புரோகிராமை ஓர் ஏ.ஐ. ஒரே மூச்சில் வாசித்து விளக்கம் எழுதுவதை மேனேஜரோடு சேர்ந்து நானும் பாராட்டுகிறேன். இரவில் சித்தப்பா மகன் போனில் கேட்டால், “கண்ணை மூடிட்டு சி.எஸ். போடு, ஸ்கோப் குறையாது” என்கிறேன். பூத்காரரிடமாவது மீட்டர் இருந்தது.

மகள் என்னைக் கேட்கவில்லை. சாட்ஜிபிடியைக் கேட்டாள். அது ஒவ்வொரு பிராஞ்சுக்கும் நிறைகுறை சொல்லிவிட்டு, முடிவு உன் ஆர்வத்தைப் பொறுத்தது என்றது. மாமா ஒருநாளும் இப்படிப் பொறுப்பைத் தட்டிக் கழித்ததில்லை. ஓய்வுபெற்று, பழைய பென்ஷனில் நிம்மதியாக இருக்கும் அவரே போன் செய்தார். “ட்ரிபிள் ஈ போட்டாச்சா? காரே கரண்ட்ல ஓடுதுடா இப்ப!” அவர் அன்று சொன்னது பலிக்க இருபத்தைந்து வருடம் ஆகியிருக்கிறது, அதைச் சொல்லிக்காட்டும் உரிமை அவருக்கு உண்டு.

எத்தனை சாய்ஸ் வேண்டுமானாலும் போடலாம். அவள் கல்லூரிகளை அடுக்கிய முறையில் மெட்ரோ ரயிலுக்கும் ஹாஸ்டல் சாப்பாட்டுக்கும் பங்கு இருந்தது என்று சந்தேகிக்கிறேன். பட்டியலைப் பூட்டும் கடைசி நாளில் பக்கத்து அறையிலிருந்து, “அப்பா, ஓ.டி.பி. சொல்லுங்க” என்றாள். சொன்னேன். என் ஆலோசனை அவ்வளவுதான்.

ஆர்ட்டிஃபிஷியல் இன்டெலிஜென்ஸ் அண்ட் டேட்டா சயின்ஸ் கிடைத்தது. ஊருக்குப் போனபோது பக்கத்து வீட்டு அக்கா, பேத்தி என்ன படிக்கப் போகிறாள் என்று என் அம்மாவிடம் கேட்டாள். அம்மா யோசிக்கவே இல்லை.

“கம்ப்யூட்டர்தான். அவ அப்பனும் அதத்தான படிச்சான்.”