கொழிஞ்சாம்பாறை வெயில், மூணாற்றுக் குளிர், ஒரே மாவு

மூணாறில் தை மாதம் மாவு புளிக்காது. ராத்திரி ஆட்டி வைத்தால் காலையில் வைத்தது வைத்தபடி இருக்கும். செண்டுவாரை, லட்சுமி எஸ்டேட் பக்கம் புல்லின்மேல் வெள்ளையாக உறைபனி கிடக்கும் நாட்களில் பாட்டிலில் இருக்கும் தேங்காயெண்ணெய் கல்லாகிவிடும். அதை அடுப்போரம் வைத்து இளக்காமல் தோசைக்கல்லில் ஒரு சொட்டு தடவ முடியாது. மலை இறங்கிப் பாலக்காட்டுக்குக் கிழக்கே கொழிஞ்சாம்பாறைக்கு வந்தால் எல்லாம் தலைகீழ். சித்திரையில் காலையில் ஆட்டிய மாவு மத்தியானத்துக்குள் பொங்கிச் சட்டியை விட்டு வழியும். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் அனல்காற்றுக்கு அரிசியும் உளுந்தும் அவ்வளவு சீக்கிரம் பணிந்துவிடும்.

என் அம்மா பிறந்தது கொழிஞ்சாம்பாறையில். வாக்கப்பட்டது மூணாறு எஸ்டேட் லயத்துக்கு. இரண்டு ஊரிலும் பேச்சு தமிழ். ஆனால் அவை இருக்கும் சித்தூர் தாலுகாவும் தேவிகுளம் தாலுகாவும் மொழிவாரி மாநிலங்கள் பிரிந்த 1956 நவம்பர் 1 அன்று கேரளத்தோடு நின்றுவிட்டன. தாய்வீட்டிலிருந்து புகுந்த வீட்டுக்குப் போக அம்மா கோபாலபுரம் தாண்டிப் பொள்ளாச்சி, உடுமலைப்பேட்டை, அங்கிருந்து சின்னாறு காட்டு வழி, மறையூர், பிறகு மூணாறு என்று ஒரே பயணத்தில் மாநில எல்லையை இரண்டு தரம் கடப்பாள். இரண்டு ஊர்ச் சமையலையும் அறிந்த கை அவளுடையது. இட்லி மாவைக் கம்பளியில் சுற்றி அடுப்புச் சாம்பலின் சூட்டோரம் வைப்பாள். உப்பைக் காலையில்தான் போடுவாள். உப்பு முன்னாலேயே விழுந்தால் குளிர்நாட்டில் புளிப்பு இன்னும் தாமதமாகும். கொழிஞ்சாம்பாறையில் அம்மாவைப் பெற்ற அம்மாயி நேர்மாறாக, ஆட்டும்போதே உப்பைப் போட்டுச் சட்டியை ஈர மணலில் இறக்கி வைப்பார்.

நான் சிறுமியாக இருந்த அறுபதுகளின் நடுவில் அரிசி தட்டுப்பாடு. ரேஷனில் அரிசி குறைந்தது, கோதுமை வந்தது. அமெரிக்கா 1954இல் போட்ட பி.எல். 480 என்ற சட்டத்தின்கீழ் கப்பல் கப்பலாக வந்த கோதுமை அது. வறட்சி கடுமையாக இருந்த 1966இல் மட்டும் இந்தியா ஏறக்குறைய ஒரு கோடி டன் உணவு தானியம் இறக்குமதி செய்தது. மைதாவைக் கேரளத்தில் அன்று ‘அமெரிக்கன் மாவு’ என்றுதான் சொல்வார்கள். பள்ளிக்கூடத்தில் மத்தியானம் மஞ்சள் சோள உப்புமா. அதுவும் அமெரிக்காவிலிருந்து கேர் என்ற நிறுவனம் அனுப்பியதுதான். மூன்று வேளையும் சோற்றையே தேடும் வீட்டில் கோதுமையை என்ன செய்வது? சப்பாத்தி இடப் பலகையும் இல்லை, பழக்கமும் இல்லை. லயத்துப் பெண்கள் அதைத் தோசையாக்கினார்கள்.

அம்மாவின் இனிப்புத் தோசை இப்படி. மில்லில் அரைத்து வந்த கோதுமை மாவு. மறையூர் உருண்டை வெல்லத்தைத் தண்ணீரில் கரைத்து, கொதிக்கவிட்டு, வடிகட்டி, ஆறவைத்த பாகு. கனிந்து கறுத்த வாழைப்பழம் ஒன்று இருந்தால் பிசைந்து சேர்ப்பாள். துருவிய தேங்காய், தட்டிய ஏலக்காய், ஒரு சிட்டிகை உப்பு, விரல்நுனியில் எடுத்த ஆப்பச் சோடா. கரண்டியால் நாலு சுற்றுத்தான் கலக்குவாள். கட்டி இருந்தாலும் பரவாயில்லை, அடித்துக் கலக்காதே என்பாள். கோதுமையை எவ்வளவு அடிக்கிறோமோ அவ்வளவு பசை முறுகித் தோசை ரப்பராக இழுக்கும் என்று பிற்பாடு புத்தகத்தில் படித்தேன். அவள் கையாலேயே அதை அறிந்திருந்தாள். இரும்புக் கல்லில் பாதி வெங்காயத்தால் எண்ணெய் தேய்த்து, மாவை ஊற்றிப் பரப்பாமல் அப்படியே விட்டுவிடுவாள். மேலே சின்னச் சின்னக் குமிழ் வெடித்து ஓட்டை விழுந்ததும் திருப்ப வேண்டும். வெல்லம் சேர்ந்ததால் சீக்கிரம் தீயும். தீயை இறக்கிக்கொண்டே இருக்க வேண்டும்.

இவ்வளவையும் அவள் ராத்திரியே சுட்டு வைப்பாள். விடிந்தால் பெரட்டுக்கு, அதாவது வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு, போக வேண்டும். அந்த நேரத்தில் அடுப்பு மூட்ட நேரமில்லை. சூடாக அடுக்கினால் ஆவி இறங்கிப் பிசுபிசுத்துவிடும் என்று முறத்தில் தனித்தனியாகப் பரப்பி ஆறவைப்பாள். நன்றாக ஆறிய பிறகே துணியில் அடுக்கிச் சுற்றுவாள். மூணாற்றுக் குளிரில் அது மறுநாள் சாயங்காலம்வரை தாங்கும். கொழுந்து மலையில் பத்து மணிக்குக் கட்டன்சாயாவோடு அதைத் தின்பார்கள். எங்களுக்கும் பள்ளிக்கூடத்துக்கு அதுவே. டவுனிலிருந்து வந்த பிள்ளைகள் சோற்றுத் தூக்கைத் திறக்கும்போது நாங்கள் கோதுமைத் தோசையைப் பாவாடை மடிப்புக்குள் மறைத்து மறைத்துத் தின்றோம். கோதுமை தின்பவர்கள் அரிசி வாங்க வக்கில்லாதவர்கள் என்று அன்று பொருள்.

துரை பங்களா ஒன்றில் பட்லராக இருந்த என் பெரியப்பா பேன்கேக் சுடுவார். மைதா, முட்டை, பால் கலந்த நீர்த்த மாவு; காகிதம்போல மெல்லிசாக ஊற்றி, மேலே சர்க்கரை தூவி எலுமிச்சை பிழிந்து சுருட்டித் தருவாராம். ஈஸ்டருக்கு முன்னால் வரும் நோன்பு தொடங்குவதற்கு முந்தின செவ்வாய்க்கிழமை ஆங்கிலேயர் வீடுகளில் அதைக் கட்டாயம் சுடுவார்கள். நோன்பு நாட்களில் விலக்க வேண்டிய முட்டையையும் பாலையும் வெண்ணெயையும் தீர்ப்பதற்காக ஏற்பட்ட வழக்கம் அது. பங்களாவில் மிஞ்சிப்போனதைப் பின்வாசலில் காத்திருக்கும் பிள்ளைகளுக்குக் கொடுப்பார்கள் என்று பெரியப்பா சொல்லும்போது அம்மாவின் முகம் இறுகிவிடும். “எம்பிள்ளைகளை அந்த வாசல்ல நிறுத்தாதீங்க மாமா” என்று ஒருதரம் நேராகவே சொல்லிவிட்டாள். முதல்நாள் சுட்டதைத்தான் எங்களுக்கு அவள் தந்தாள், ஆனால் எங்களுக்கென்றே சுட்டுத் தந்தாள். அந்த வேறுபாட்டை விளக்கிச் சொல்ல எனக்கு அந்த வயதில் தெரியவில்லை. இப்போது தெரிகிறது, அதனால்தான் இதை எழுதுகிறேன்.

வைத்துத் தின்பதற்காகவே பிறந்த பலகாரம் ஒன்றும் அம்மாவின் ஊர்ப்பக்கம் இருக்கிறது. எலப்புள்ளிக்கு அருகே ராமசேரியில் சுடும் இட்லி. தமிழ்நாட்டிலிருந்து தலைமுறைகளுக்கு முன் வந்து குடியேறிய முதலியார் குடும்பங்களின் கைத்தொழில் அது. தட்டையாக, வட்டமாக, தோசைக்கும் இட்லிக்கும் நடுவில் நிற்கும். தண்ணீர் கொதிக்கும் மண்பானையின்மேல் நூல் வலை கட்டிய மண் வளையம், வலையின்மேல் ஈரத்துணி, துணியின்மேல் மாவு. மேலே இன்னொரு சட்டியைக் கவிழ்த்து, இப்படி ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி விறகுத் தீயில் வேகவைப்பார்கள். கூடையில் வைத்துத் தலைச்சுமையாக ஊர் ஊராக விற்ற காலத்தில் அது நாட்கணக்கில் கெடாது என்று பெயர் வாங்கியது. இப்போது சுடுபவர்களே அந்தப் பழைய கணக்கைச் சொல்வதில்லை. சுடும் வீடுகள் விரல்விட்டு எண்ணும் அளவுக்குச் சுருங்கிவிட்டன. பழைய பாலக்காட்டு நெல்லான தவளைக்கண்ணன் விளைந்த வயல்களும் சுருங்கிவிட்டன. நாங்கள் மலையேறும் நாளில் அம்மாயி எங்கிருந்தாவது அந்த இட்லியை வரவழைத்து, பொடியைத் தேங்காயெண்ணெயில் குழைத்து இரண்டு பக்கமும் தடவி, வாழையிலையில் கட்டித் தருவார். “சின்னாறு தாண்டுற வரைக்கும் பிரிக்காதீங்க கண்ணு, அதுக்கப்புறம் கடை கண்ணி ஒண்ணும் கெடையாது” என்பார். மறையூரில் பிரித்துத் தின்றிருக்கிறோம். மெத்தென்றே இருக்கும்.

இன்றைக்கு என் தங்கை மகள் ஆனச்சாலில் ஹோம்ஸ்டே நடத்துகிறாள். காலைச் சாப்பாட்டில் பேன்கேக், வாஃபிள் இரண்டும் உண்டு. வடக்கிலிருந்து வரும் குடும்பங்களின் பிள்ளைகள் அதைத்தான் கேட்கிறார்கள். மேப்பிள் பாகுக்குப் பதிலாக மறையூர் வெல்லப் பாகு ஊற்றுகிறாள். 2019இல் அந்த வெல்லத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்ததிலிருந்து விருந்தாளிகள் பெயர் சொல்லியே கேட்கிறார்கள். கோதுமை மாவு, கனிந்த வாழைப்பழம், ஏலக்காய், ஆப்பச் சோடா. தட்டில் மூன்றாக அடுக்கி வந்தபோது பார்த்தேன்: பாவாடை மடிப்பில் ஒளித்துத் தின்ற அதே தோசை. அமெரிக்கக் கோதுமை வந்ததால் ஏழையின் தோசையானது. இன்று அமெரிக்கப் பலகாரம் என்பதால் மலைமேல் விலை போகிறது. அதை ருசியாக்கியது நடுவில் நின்ற லயத்துப் பெண்கள். அவர்கள் பேர் எந்த மெனு அட்டையிலும் இல்லை.

“பெரியம்மா, மிஞ்சினதை என்ன பண்றது? தினம் கொட்டறேன், மனசு கேக்கல” என்றாள். அவளுக்குச் சொன்னதை இங்கேயும் சொல்கிறேன். சோடாவோ பேக்கிங் பவுடரோ போட்ட மாவை மறுநாளைக்கு வைக்கக் கூடாது. ஈரம் பட்டதுமே காற்றை விடத் தொடங்கிவிடும். காலையில் ஊற்றினால் பட்டையாகப் படுத்துக்கொள்ளும். பாலும் முட்டையும் சேர்ந்த மாவு என்றால் இரண்டு மணி நேரத்துக்குமேல் வெளியே வைப்பதும் ஆபத்து. புளித்த இட்லி மாவு அப்படியல்ல. அதில் உயிர் இருந்துகொண்டே இருக்கும், ஃபிரிட்ஜில் மெதுவாகப் புளித்துக்கொண்டே தாங்கும். ஆகவே பேன்கேக் மாவு மிஞ்சினால் அன்றே முழுவதையும் சுட்டுவிடு. கம்பி வலையின்மேல் பரப்பி முழுக்க ஆறவிடு. ஒவ்வொன்றுக்கும் நடுவில் பட்டர் பேப்பர் வைத்து, காற்றுப் புகாத டப்பாவில் போட்டு ஃபிரீசரில் வை. ஒன்றிரண்டு மாதம் ருசி குறையாமல் இருக்கும். ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டு என்றால் இரண்டு நாள். எடுத்ததும் உருக விடாமல் நேராகக் கல்லில் மூடி போட்டு, சின்னத் தீயில் சூடாக்கு. வாஃபிளை மைக்ரோவேவில் வைத்தால் தோல்போல ஆகும். டோஸ்டரிலோ வறட்டுக் கல்லிலோ வைத்தால்தான் பழைய மொறுமொறுப்பு திரும்பும்.

வாஃபிள் அச்சைப் பார்க்கும்போதெல்லாம் பக்கத்து லயத்துக் கிறிஸ்தவ வீடுகளின் அச்சு முறுக்கு எனக்கு நினைவுக்கு வருகிறது. கேரளத்தில் அச்சப்பம் என்பார்கள். பச்சரிசி மாவு, தேங்காய்ப்பால், முட்டை, சர்க்கரை, எள். பூ வடிவ இரும்பு அச்சை எண்ணெயில் நன்றாகக் காயவைத்து மாவில் முக்கால் அளவு முக்க வேண்டும். அச்சு காயாவிட்டால் மாவு பிடிக்காது. முழுதும் முங்கினால் பூ கழன்று விழாது. மின்சார வாஃபிள் அச்சுக்கும் இதே நியாயம்தான். காய்ந்த பிறகு ஊற்று, ஆவி அடங்கும்வரை திறக்காதே. அவசரப்பட்டுத் திறந்தால் இரண்டாகப் பிளந்து மேலும் கீழும் ஒட்டிக்கொள்ளும். தகர டின்னில் வைத்த அச்சு முறுக்கு கிறிஸ்துமஸ் தாண்டிப் பொங்கல்வரை மொறுமொறுவென்று இருக்கும், ஈரம் ஒட்டாமல் எண்ணெயில் முழுக்க வெந்ததால். வாஃபிளுக்கு அந்த ஆயுள் கிடையாது. உள்ளே ஈரம் இருக்கிறது.

2015 செப்டம்பரில் மூணாற்றுப் பெண் தொழிலாளர்கள் பெம்பிளை ஒருமை என்ற பேரில் ஆண் தலைவர்கள் யாரையும் முன்னால் நிறுத்தாமல் சாலையை மறித்து உட்கார்ந்தார்கள். அன்றைக்கு அவர்களின் நாள்கூலி 232 ரூபாய். 500 ரூபாய் கேட்டார்கள். உட்கார்ந்தவர்களில் பாதிப்பேருக்கு என் அம்மாவின் சாயல் இருந்தது. கொழுந்துக்குப் போகும் முன் சுட்டு வைத்ததை மடியில் கட்டிப் போனவர்களின் பெண்களும் பேத்திகளும் அவர்கள். அவர்களில் பலருடைய பிள்ளைகள் இப்போது தேயிலையை விட்டு இறங்கி விடுதிகளிலும் ஹோம்ஸ்டேக்களிலும் அடுப்படியில் நிற்கிறார்கள். தங்கை மகளிடமும் அப்படி இரண்டு பெண்கள் வேலை செய்கிறார்கள். ஒருத்தியின் கைப்பக்குவம்தான் அந்த வாழைப்பழப் பேன்கேக்.

மிஞ்சியதை அவர்களிடம் கொடுத்துவிடலாம் என்று தங்கை மகள் நல்ல மனசோடுதான் சொன்னாள். வேண்டாம் என்றேன். விருந்தாளி தட்டில் மிஞ்சியது அவர்கள் வீட்டுக்குப் போக வேண்டாம். மிஞ்சிய மாவைச் சுட்டு ஃபிரீசரில் வைப்பது கடைக்காரியின் சிக்கனம், அது நம்மோடு இருக்கட்டும். அந்தப் பெண்களுக்கும் அவர்கள் பிள்ளைகளுக்கும் என்று காலையில் தனியாக மாவு கலக்கச் சொன்னேன். இப்போது கல் காய்ந்ததும் முதல் ஈடு அவர்களுடையது. வெல்லப் பாகும் அவர்கள் கேட்கிற அளவு. அதற்குப் பிறகுதான் மாடியில் தங்கியிருப்பவர்களுக்கு ஊற்றுகிறார்கள்.