பூங்காவைப் பராமரித்த குற்றத்துக்கு மன்னிப்புக் கோரி

அனுப்புநர்:
பூங்காவைச் சுற்றிக் குடியிருப்போர்
(சங்கம் இன்னும் பதிவாகவில்லை, பெயர் வைப்பதில் தகராறு)

பெறுநர்:
உயர்திரு ஆணையர் அவர்கள்,
நகராட்சி அலுவலகம்.

பொருள்: பூங்கா – அனுமதியின்றித் தண்ணீர் ஊற்றியது – ஆணி பிடுங்கியது – ஊஞ்சலைச் சரிசெய்தது – ஒப்புதல் வாக்குமூலம் அளித்தல் – தொடர்பாக.

பார்வை: 1. எங்கள் மனு. 2. மனுவுக்கு நினைவூட்டல். 3. நினைவூட்டலுக்கு நினைவூட்டல். 4. "நிதி நிலைமைக்கேற்பப் பரிசீலிக்கப்படும்" என்ற தங்கள் அலுவலகப் பதில்.

ஐயா,

போன செவ்வாய்க்கிழமை காலை தங்கள் மேஸ்திரி எங்களைக் கையும் களவுமாகப் பிடித்தார். அப்போது என் கையில் பிளாஸ்டிக் வாளி, பக்கத்து வீட்டுக்காரர் கையில் மண்வெட்டி, மூன்றாம் குறுக்குத் தெருப் பாட்டியின் கையில் அரிசி களைந்த தண்ணீர். "யாரைக் கேட்டு ஊத்துறீங்க?" என்றார். நியாயமான கேள்வி. "புங்கங்கன்னைக் கேட்டுத்தான்" என்று பாட்டி சொன்னது அதிகப்பிரசங்கித்தனம், அங்கேயே கண்டித்துவிட்டேன். அரசு நிலத்தில் அரசுக் கன்று, அரசு நிர்ணயித்த வேகத்தில் வாடிக்கொண்டிருக்கும்போது நாங்கள் குறுக்கே புகுந்திருக்கக் கூடாது. ஆகவே விசாரணை வைத்துத் தங்கள் பொன்னான நேரத்தை வீணாக்க வேண்டாம். செய்தது அத்தனையையும் இங்கே ஒப்புக்கொண்டுவிடுகிறோம்.

அந்த இடம் பூங்கா என்பதே எங்களுக்கு வெகுகாலம் தெரியாது. கட்டட இடிபாடும் சீமைக்கருவேலமும் மண்டிக் கிடந்த மூலை அது. யாருடைய இடம் என்று தெரிந்துகொள்ள 10 ரூபாய்க்குக் கோர்ட் ஸ்டாம்பு ஒட்டித் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்டோம். 30 நாளுக்குள் பதில் சொல்ல வேண்டும் என்கிறது 2005ஆம் ஆண்டுச் சட்டம். தங்கள் அலுவலகம் சட்டத்தை மதிக்கும் அலுவலகம். 30ஆவது நாள் பதில் வந்தது. மனைப்பிரிவு போட்டவர் பொதுப் பயன்பாட்டுக்கென்று தானப் பத்திரம் எழுதிக் கொடுத்த நிலமாம். 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவு என்றால் 10 விழுக்காட்டைத் திறந்தவெளியாக உள்ளாட்சிக்கு எழுதிக் கொடுத்தாக வேண்டும் என்பது விதி. இந்த விதி தெரியாத நகர்களில் அந்த 10 விழுக்காட்டில் என்னென்ன முளைத்திருக்கின்றன என்று ஒரு நடை போய்ப் பார்த்தால் தெரியும்: கார் ஷெட், கொடிக்கம்பம், திடீர்ப் பிள்ளையார். எங்கள் நகரில் முளைப்பதற்குள் நாங்கள் கேட்டுவிட்டோம். முதல் குற்றம் அதுதான்.

பிறகு பூங்கா வந்தது. சுற்றுச்சுவர், இரும்புக் கதவு, பூட்டு, கல்வெட்டு என்ற வரிசையில் வந்தது. கல்வெட்டில் 14 பெயர்கள், உள்ளே 9 மரங்கள். பெயருக்கு ஒரு மரம் என்று வைத்திருந்தால்கூட இன்னும் 5 மரத்து நிழல் கிடைத்திருக்கும். அந்தக் கணக்கைத் திறப்பு விழா மேடையில் யாரும் போடவில்லை. நாங்களும் கேசரியில் மும்முரமாக இருந்தோம்.

பூட்டைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பூங்காவிலேயே ஒழுங்காகப் பராமரிக்கப்படும் பொருள் அது ஒன்றுதான்; மாதம் தவறாமல் எண்ணெய் போடுகிறார்கள். சாவி காவலாளி அண்ணனிடம். அவருக்கு மூன்று பூங்காக்கள், ஒரு சைக்கிள். மற்ற இரண்டையும் திறந்துவிட்டு அவர் எங்களிடம் வரும்போது வெயில் ஏறிவிடும். அதுவரை பிள்ளைகள் பின்சுவர்ச் சந்து வழியாக உள்ளே போகிறார்கள். ராத்திரி பாட்டிலோடு வருகிறவர்கள் சுவர் ஏறிக் குதிக்கிறார்கள். பூட்டு தடுத்து நிறுத்துவது முழங்கால் வலிக்காரர்களை மட்டும். நடந்தால் வலி குறையும் என்று டாக்டர் சொல்லி நடக்க வந்தவர்களும் அவர்கள்தான்.

அடுத்தது ஆணி விவகாரம். வாசலில் நிற்கும் வேப்பமரத்தைத் தாங்கள் பார்த்திருக்க வாய்ப்பில்லை, அது பலகைகளுக்குப் பின்னால் இருந்தது. வாடகைக்கு வீடு, ஸ்போக்கன் இங்கிலீஷ், மூலத்துக்கு ஆபரேஷன் இல்லாமல் தீர்வு என்று இடுப்பளவிலிருந்து ஏணி உயரம் வரை தகரம். ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் தெருத் தச்சர் பெரியவர் கொக்கிச் சுத்தியலோடு வந்தார். நான் வீரத்தோடு ஒரு ஆணியை வெடுக்கென்று இழுத்தேன். பட்டை ஒரு ரூபாய்க் காசு அளவு பெயர்ந்து வந்தது. "பல்லு புடுங்குற மாதிரி இழுக்காதீங்க சார்" என்று சுத்தியலை வாங்கிக்கொண்டார். பட்டையில் ஒரு ரீப்பர் துண்டை வைத்து, அதன்மேல் சுத்தியலைச் சாய்த்து, ஆணியைக் கொஞ்சம் கொஞ்சமாக எழுப்பினார். வெளியே வந்த ஆணியின் பாதி துரு, பாதி ஈரம். பட்டை மூடி மரமே விழுங்கிவிட்ட ஆணிகளைத் தொடவில்லை. "அதைத் தோண்டினா புதுப் புண்ணு. அது செமிச்சுக்கும்" என்றார். உச்சிவெயிலுக்குள் எடுத்தது 61. எண்ணி ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டு இத்துடன் இணைத்திருக்கிறோம். அவற்றுள் 4 ஆணிகள் "மரம் வளர்ப்போம்" என்ற பலகையைத் தாங்கியவை. அவை அரசுச் சொத்து என்பதால் தனியாகத் தாளில் மடித்து வைத்துள்ளோம்.

மரத்தைச் சுற்றிப் போட்டிருந்த சிமென்ட்டையும் கடப்பாரையால் பெயர்த்தோம். அடிமரம்வரை பேவர் பிளாக் பதித்து, மிச்ச இடுக்கிலும் கலவையைப் பூசிக் கழுத்துப்பட்டை மாதிரி இறுக்கியிருந்தார் ஒப்பந்ததாரர். மரத்தைச் சுற்றி ஒரு மீட்டருக்குக் கான்கிரீட் இருக்கக் கூடாது என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2013இல் சொன்னது. சொன்னது டெல்லி மரங்களுக்கு. வேம்பும் தண்ணீரை வேர் வழியாகத்தான் குடிக்கிறது என்ற துணிச்சலில் நாங்கள் அதைச் செய்தோம்.

சருகுக் குற்றம் இன்னும் தொடர்கிறது. காலையில் பெருக்கிக் குவித்து, மூலையில் தீ வைத்து, பிராணாயாமம் செய்ய வந்தவர்களுக்குப் புகை போடுவது வழக்கமாக இருந்தது. தோட்டக் கழிவை எரிக்கக் கூடாது என்று 2016ஆம் ஆண்டுத் திடக்கழிவு மேலாண்மை விதிகள் சொன்னதைத் தங்கள் அலுவலகச் சுவரில் ஒட்டியிருந்த தாளில்தான் படித்தோம். இடுப்பளவு குழி வெட்டிச் சருகு, மேலே சாணிக் கரைசல், மேலே ஒரு கை மண் என்று அடுக்கினோம். நாலு மாதத்தில் கறுப்பாக உதிர்ந்தது. மிச்சச் சருகைக் கன்றுகளின் அடியில் மூடாக்காகப் போட்டதில் இரண்டு நாளைக்கு ஒரு வாளி தண்ணீரே போதுமாகிவிட்டது. அந்தத் தண்ணீரும் நகராட்சித் தண்ணீர் இல்லை. போர்வெல் மோட்டாரின் மின் இணைப்பு கட்டணம் கட்டாததால் துண்டிக்கப்பட்டிருப்பது தாங்கள் அறிந்ததே. எங்கள் வீடுகளின் ஏசியில் சொட்டுவதைக் கேனில் பிடித்துக் கொண்டுவருகிறோம். சித்திரையில் நிறையச் சொட்டுகிறது. கன்றுக்கும் அப்போதுதான் தேவை.

ஊஞ்சல் விஷயத்தில்தான் எங்கள் மேல் கோபம் அதிகம் என்று கேள்விப்பட்டோம். ஒரு பக்கச் சங்கிலி அறுந்து அது இரண்டு வருடமாக ஒற்றைக் காலில் தவம் செய்தது. வெல்டிங் பட்டறைத் தம்பி ஒரு கொக்கி வைத்துப் பற்றவைத்தார். கூலி ஒரு டீ, ஒரு பஜ்ஜி. அங்கீகரிக்கப்பட்ட ஒப்பந்ததாரர் மதிப்பீடு தயாரித்து, தொழில்நுட்ப அனுமதி பெற்று, டெண்டர் விட்டுச் செய்ய வேண்டிய வேலை இது என்று பொறியியல் பிரிவில் சொன்னார்கள். பாதுகாப்பு பற்றிய அக்கறை சரிதான். நாளைக்கே ஒரு பொறியாளர் வந்து அந்தக் கொக்கியை ஆட்டிப் பார்த்தால் எங்களுக்கும் நிம்மதி. விதிமீறல் என்றால் மறுபடி அறுத்துவிடவும் தயார். வரிசையில் நிற்கும் பிள்ளைகளிடம் விஷயத்தை எடுத்துச் சொல்லும் வேலையை மட்டும் தங்கள் அலுவலர் யாராவது ஏற்றுக்கொள்ள வேண்டும்.

ஐயா, உண்மையிலேயே வெட்கப்பட வேண்டிய குற்றங்கள் வேறு இருக்கின்றன. எங்களில் சிலர் பிறந்தநாள் கொண்டாடிவிட்டுக் கேக் அட்டையையும் நுரை டப்பாவையும் புல்லிலேயே விட்டுப் போகிறோம். நாயைக் கூட்டிவந்து வானத்தைப் பார்த்தபடி நிற்கிறோம். 120 வீடுகளில் ஞாயிறு காலை வருகிறவர்கள் 8 பேர். மற்றவர்கள் வாட்ஸ்அப்பில் கட்டைவிரல் காட்டுகிறார்கள். சங்கத்துக்குப் பூங்கா பெயரா, நகர் பெயரா என்ற சண்டையில் ஒரு கோடை போயிற்று, இரண்டு கன்றுகளும் போயின. எல்லாவற்றையும்விடக் கேவலம், காரின் மேல் சருகு விழுகிறது என்று வாகை மரத்தின் கிளைகளை வெட்டக் கோரி எங்களில் ஒருவர் மனுக் கொடுத்தார். இத்தனை வருடத்தில் ஒரே வாரத்தில் நடவடிக்கை எடுக்கப்பட்ட எங்கள் மனு அது ஒன்றுதான். கிளை என்று எழுதியிருந்தார், மரத்தையே எடுத்துவிட்டார்கள். இப்போது அந்தக் கார் வெயிலில் நிற்கிறது.

பணம் கொடுக்கவும் முயன்றோம், அதையும் ஒப்புக்கொள்கிறோம். 'நமக்கு நாமே' திட்டத்தில் மக்கள் மூன்றில் ஒரு பங்கு போட்டால் மிச்சத்தை அரசு போடும் என்று படித்து, வீடு வீடாக வசூலித்தோம். எந்தக் கணக்குத் தலைப்பில் வரவு வைப்பது என்று கவுன்ட்டரில் கேட்டார்கள். எங்களுக்குத் தெரிந்த ஒரே தலைப்பு 'பூங்கா'. அப்படி ஒரு தலைப்பு இல்லையாம். பகுதி சபையிலும் போய்ப் பேசினோம். 2022 நவம்பர் 1, உள்ளாட்சிகள் தினத்தன்று மாநிலத்தில் முதன்முதலாகப் பகுதி சபைகள் கூடியதைப் பத்திரிகையில் படித்துப் புல்லரித்துப் போனவர்கள் நாங்கள். எங்கள் வார்டில் கூடியபோது பாட்டி எழுந்து சாவி கேட்டார். "பதிவு செய்யப்பட்டது" என்றார்கள். சாவி எங்கே என்று பாட்டி இன்றும் கேட்கிறார். பதிவேட்டில் பத்திரமாக இருக்கிறது என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

மக்களிடம் சாவியைக் கொடுத்தால் பூங்கா கைவிட்டுப் போய்விடும் என்ற தங்கள் அச்சம் புரிகிறது. சென்னையில் அப்படிப் போன பூங்கா ஒன்று உண்டு. 1859இல் ட்ரெவெல்யன் ஆளுநராக இருந்தபோது தொடங்கிய மக்கள் பூங்கா, 116 ஏக்கரில் குளங்களும் மிருகக்காட்சி சாலையுமாக இருந்தது. அந்த நிலத்தில் விக்டோரியா பப்ளிக் ஹால் வந்தது, மூர் மார்க்கெட் வந்தது, ரிப்பன் மாளிகை வந்தது, ஸ்டேடியம் வந்தது. அவ்வளவு ஏக்கரில் ஒரு சென்ட்டைக்கூட வாக்கிங் போனவர்கள் மடியில் கட்டிக்கொண்டு போனதாகத் தகவல் இல்லை. அதே சென்னையில் கோட்டூர்புரத்தில், அடையாற்றங்கரையில் குப்பை கொட்டிக் கிடந்த அரசு நிலத்தில், 2006இல் 'நிழல்' அமைப்பினரும் அக்கம்பக்கத்தாரும் நட ஆரம்பித்தார்கள். அது இன்று மரப் பூங்காவாக நிற்கிறது. குளிர்சாதன அறையில் இதைப் படிக்க நேர்ந்தால், ஒரு ஞாயிற்றுக்கிழமை நேரில் போய்ப் பார்த்து வாருங்கள். ஏசி தேவைப்படாது.

எங்களுக்கு என்ன தண்டனை என்பதைத் தாங்களே முடிவு செய்யலாம். அபராதம் என்றால் வசூலித்த பணம் அப்படியே இருக்கிறது, தலைப்பு மட்டும் சொல்லுங்கள். சமூக சேவை என்றால் ஞாயிறு காலைகளில் ஏற்கெனவே அனுபவித்து வருகிறோம். கருணை மனுவாக ஒன்றே ஒன்று: அந்தப் பூட்டுக்குச் சாவி இன்னொன்று வெட்டி, பூங்கா எதிரே முதல் வீட்டில் கொடுத்து வைக்க உத்தரவிட வேண்டும். காவலாளி அண்ணனுக்கும் இதில் சம்மதம். அவர் சைக்கிளுக்கு ஒரு மிதி மிச்சம். சாவி வெட்டும் செலவை நாங்களே ஏற்கிறோம், பஸ் ஸ்டாண்டு வாசலில் 60 ரூபாய் கேட்கிறார்கள்.

உத்தரவு வரும்வரை குற்றத்தை நிறுத்தி வைக்க இயலாத நிலையில் இருக்கிறோம். புங்கங்கன்றுக்கு நாளை தண்ணீர் முறை. வழக்கம்போல் பின்சுவர்ச் சந்து வழியாகத்தான் போக வேண்டும். பாட்டி வெளியே நின்று சொம்பை உள்ளே நீட்டுவார்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
குற்றம் சாட்டப்பட்டோர்.

இணைப்பு: ஹார்லிக்ஸ் பாட்டில் 1 (ஆணி 57), காகிதப் பொட்டலம் 1 (ஆணி 4).

பி.கு.: ஆணிகளை ஆவணக் காப்பறையில் வைத்துக்கொள்ளலாம். பாட்டிலைத் திருப்பி அனுப்பவும். அது பாட்டியுடையது, ஊறுகாய் போட வேண்டுமாம்.