ஃபார்வர்டு பெரியப்பா

குடும்பத்துக்கு ஒரு வாட்ஸ்அப் குழு. குழுவுக்கு ஒரு பெரியப்பா. சில வீடுகளில் அவர் சித்தப்பாவாக இருப்பார், சில வீடுகளில் ரிட்டையரான தாய்மாமாவாக இருப்பார். உறவுமுறைதான் வேறு, உத்தியோகம் ஒன்றுதான். உலகத்து விலங்குகளெல்லாம் நேற்று ராத்திரி என்னென்ன அதிசயம் செய்தன என்று காபிக்கு முன்பே பார்த்து, ஒன்று விடாமல் நமக்கு அனுப்பிவிட வேண்டும். ரோஜாப்பூவில் ‘இனிய காலை வணக்கம்’ அனுப்பும் ஆட்களை அவர் மதிப்பதில்லை. “அதுல என்னடா இருக்கு?” என்பார்.

எங்கள் பெரியப்பா படம் பார்க்கிற அழகே தனி. மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, போனைக் கை நீளத்துக்குத் தள்ளிப் பிடித்துக்கொள்வார். படத்தை அரை நொடி பார்ப்பார். கீழே இருக்கும் கதையை உதடு அசைய மூன்று நிமிடம் படிப்பார். முடிவில் ஒரு ‘ப்ச்’ வந்தால் படம் தேறிவிட்டது என்று அர்த்தம். சில செய்திகளின் தலையில் ‘பலமுறை ஃபார்வர்டு செய்யப்பட்டது’ என்று இரட்டை அம்புக்குறியோடு வருமே, அது ஜாக்கிரதையாக இருங்கள் என்று கம்பெனிக்காரன் போட்டது. பெரியப்பாவுக்கு அது ஐஎஸ்ஐ முத்திரை. “ரெண்டு அம்பு போட்டிருக்கான் பாரு. செக் பண்ணாம போடுவானா?”

அந்த மாதிரிச் செய்தியை ஒரு நேரத்தில் ஒரு குழுவுக்கு மேல் அனுப்ப முடியாது என்று 2020 ஏப்ரலில் கட்டுப்பாடு கொண்டுவந்தார்கள். அவர் அசரவில்லை. குடும்பக் குழு, பழைய ஆபீஸ் குழு, வாக்கிங் குழு, கோயில் திருப்பணிக் குழு என்று உட்கார்ந்து ஒவ்வொன்றாக அனுப்புகிறார். பென்ஷன் வாங்குகிறவரிடம் நேரத்தைக் காட்டிப் பயமுறுத்தினால் நடக்குமா?

2017இல் ஒரு படம் வந்தது. மூன்று சிவிங்கிப்புலிகள் ஒரு இம்பாலா மானைச் சூழ்ந்து கழுத்தைப் பிடித்திருக்கின்றன. மான் திமிறாமல் நிமிர்ந்து நிற்கிறது. குட்டிகள் தப்பி ஓடட்டும் என்று தாய்மான் தன்னையே கொடுத்துவிட்டதாம். அதைப் படமெடுத்தவருக்கு அந்தத் துக்கத்தில் மனநோயே வந்துவிட்டதாம். பெரியப்பா துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். உண்மையில் அது 2013இல் கென்யாவின் மசாய் மாராவில் அலிசன் பட்டிஜீக் என்ற பெண் எடுத்த படம். தாய்ச் சிவிங்கிப்புலி தன் பிள்ளைகளுக்கு வேட்டை பழக்கிக்கொண்டிருந்தது. கொல்லத் தெரியாமல் பிள்ளைகள் தடுமாறின. மான் பயத்தில் உறைந்து நின்றது. எனக்கு ஒன்றுமில்லை, நன்றாகத்தான் இருக்கிறேன் என்று அந்த அம்மாள் தானே அறிக்கை விடவேண்டியதாயிற்று. இத்தனையும் பெரியப்பாவிடம் விளக்கினேன்.

“புலி புள்ளைக்கு வேட்டை சொல்லிக்குடுத்துச்சா?”

“ஆமா பெரியப்பா.”

“அப்ப அதுவும் தாய்மைதானேடா!”

அடுத்த வருஷம் யானை வந்தது. தகிக்கிற வெயிலில் ஒரு சிங்கக்குட்டியைத் தும்பிக்கையில் தூக்கிக்கொண்டு யானை நடக்கிறது. பக்கத்திலேயே தாய்ச் சிங்கமும் நடக்கிறது. தென்னாப்பிரிக்காவின் க்ரூகர் காட்டு விலங்குகளைப் பற்றி எழுதும் ஒரு பக்கத்தில் 2018 ஏப்ரல் முதல் தேதி வெளியான படம். எடுத்தவர் பெயர் ஸ்லூஃப் லிர்பா என்று போட்டிருந்தார்கள். ஆங்கில எழுத்தில் அதைப் பின்னாலிருந்து படித்தால் ‘ஏப்ரல் ஃபூல்ஸ்’ என்று வரும். இதைவிடப் பச்சையாக ஒருவன் எப்படித்தான் சொல்லுவான்? பெரியப்பா சொன்னார்: “வெளிநாட்டுக்காரன் பேரு அப்படித்தான்டா இருக்கும்.”

இவ்வளவு நம்புகிறவர் எல்லாவற்றையும் நம்புவார் என்று நினைத்தால் தப்பு. அவர் கறார் பேர்வழி. 2015 மார்ச்சில் கிழக்கு லண்டன் ஹார்ன்சர்ச் பூங்காவில் மார்ட்டின் லே-மே என்பவர் எடுத்த படத்தைக் காட்டினேன். பச்சை மரங்கொத்தி ஒன்று பறக்கிறது. அதன் முதுகில் கீரிப்பிள்ளைச் சாயலில் ஒரு குட்டிப் பிராணி, வீசல் என்பார்கள், சவாரி செய்கிறது. கடித்துத் தின்ன வந்த வீசலோடு சேர்த்துப் பறவை மேலே கிளம்பிவிட்டது, அவ்வளவுதான். அப்பட்டமான நிஜம். “கிராஃபிக்ஸ்” என்று போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். “இதுல என்ன சொல்ல வர்றான்?”

அங்கேதான் இருக்கிறது சூட்சுமம். இந்தப் படத்தில் தாய்ப்பாசம் இல்லை, நன்றியறிதல் இல்லை, மனிதனைப் பார்த்து விலங்கு கேட்கும் கேள்வி எதுவும் இல்லை. ஒரு பசி, ஒரு பயம். இரண்டுக்கும் கீழே எழுத ஒரு வரி கிடைக்காது. நீதி சொல்லாத மிருகத்தை நம்புவதற்குப் பெரியப்பா தயாராக இல்லை. பெரியம்மாதான் அடுக்களையிலிருந்து எட்டிப்பார்த்து, “அந்தப் பறவை தப்பிச்சுதாடா?” என்றார். தப்பித்தது. அந்த வீட்டில் அந்தப் படத்தைப் பற்றிக் கேட்கப்பட்ட உருப்படியான கேள்வி அது ஒன்றுதான்.

குரங்கு செல்ஃபி விவகாரம் இன்னும் மோசம். இந்தோனேசியாவின் சுலவேசித் தீவில், டேவிட் ஸ்லேட்டர் என்ற பிரிட்டிஷ் போட்டோகிராபரின் கேமராவில் ஒரு கறுப்புக் குரங்கு பல்லைக் காட்டித் தன்னைத்தானே எடுத்துக்கொண்டது. 2011இல் படம் பத்திரிகைகளில் வந்தது. “குரங்கு எப்படிடா பட்டனை அமுக்கும்?” என்றார் பெரியப்பா. பேத்தி காதுகுத்துக்கு அவர் எடுத்த படங்களில் பாதியில் அவர் கட்டைவிரல்தான் விழுந்திருக்கிறது. குரங்கு முகத்தை ஒழுங்காக நடுவில் வைத்திருந்தது. அந்தப் படத்தின் பதிப்புரிமை குரங்குக்கே என்று ஒரு விலங்கு நல அமைப்பு அமெரிக்காவில் வழக்குப் போட்டதையும், குரங்கு அப்படி வழக்காட முடியாது என்று 2018இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னதையும் எடுத்துச் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது. “பாத்தியா? குரங்கு எடுக்கலைன்னு கோர்ட்டே சொல்லிடுச்சு!”

பெரியப்பாவை மட்டும் குறைசொல்லவும் மனம் வரவில்லை. 1934இல் லண்டன் ‘டெய்லி மெயில்’ வெளியிட்ட லாக் நெஸ் ஏரி பூதத்தின் படத்தை எத்தனையோ பேர் அறுபது வருஷம் நம்பினார்கள். தண்ணீருக்கு மேலே நீளக் கழுத்து, சின்னத் தலை. அது பொம்மை நீர்மூழ்கிக் கப்பலில் ஒட்டிய செயற்கைத் தலை என்று 1994இல்தான் வெட்டவெளிச்சமானது. படத்தைப் பத்திரிகைக்குக் கொடுத்தவர் ஒரு டாக்டர். டாக்டர் பொய் சொல்வாரா?

2023 டிசம்பர் கடைசியில் ஆனைமலைப் புலிகள் காப்பகத்தில் கூட்டத்தைப் பிரிந்து தவித்த யானைக்குட்டியை நம் வனத்துறையினர் தேடித் தாயோடு சேர்த்துவைத்தார்கள். அதன்பின் அந்தக் குட்டி அம்மாவை ஒட்டிப் படுத்து மதியத் தூக்கம் போட்ட படம் வந்தது. இதில் தாய்மை வழிகிறது, நிச்சயம் ‘ப்ச்’ வரும் என்று குடும்பக் குழுவில் நானே போட்டேன். பெரியப்பா உடனே கூப்பிட்டார்.

“ஏஐல பண்ணி அனுப்பிருக்கியா?”

“நிஜம் பெரியப்பா. பொள்ளாச்சிப் பக்கம்தான்.”

“அப்புறம் ஏன்டா ஒரு அம்புகூட இல்ல?”

கென்யாவை நம்பிய மனிதருக்குப் பொள்ளாச்சி மேல் நம்பிக்கை வரவில்லை. அந்த வாரக் கடைசியில் அதே படம் அவருடைய வாக்கிங் குழுவைச் சுற்றி, இரட்டை அம்போடும், முதியோர் இல்லத்தைப் பற்றிய இருபது வரிக் கதையோடும் எங்கள் குழுவுக்கு வந்து சேர்ந்தது. அனுப்பியவர் பெரியப்பா. ‘கண்டிப்பாகப் பார்க்கவும்’ என்று மேலே ஒரு வரி வேறு.

ஆகவே உங்கள் வீட்டுப் பெரியப்பாவுக்கு ஒரு நிஜமான படத்தை அனுப்ப வேண்டுமானால், தயவுசெய்து நேரே அனுப்பாதீர்கள். அவரோடு வாக்கிங் போகிற யாரையாவது பிடியுங்கள்.