நிற்கும் காரும் நிரூபணச் சிக்கலும்

பழைய கார்களின் கோளாறுகளை எப்போதும் இருப்பவை, மெக்கானிக் பார்க்காதபோது மட்டும் இருப்பவை என்று இரு வகையாகப் பகுக்கலாம். முதல் வகை பணத்தால் தீரும். இரண்டாம் வகைக்குப் பணத்தோடு பொறுமையும் ஓரளவு தர்க்கப் பயிற்சியும் தேவைப்படும். ஓடிக்கொண்டிருக்கும்போதே எஞ்சின் அணைந்துபோய், அரைமணி கழித்து எதுவுமே நடவாதது போல உயிர்பெறும் கோளாறு இரண்டாம் வகையில் தலையாயது.

பம்பாய்க் குர்லாவில் உருவாகி, 1970களில் பிரீமியர் பத்மினி என்று பெயர் மாறிய பின்னரும் தமிழகத்தில் பலரால் பியட் என்றே அழைக்கப்பட்ட கார் இதற்கு ஏற்ற எடுத்துக்காட்டாகும். 1089 சி.சி. கொள்ளளவுள்ள அதன் எஞ்சின் கேட்பவை காற்று, பெட்ரோல், உரிய கணத்தில் ஒரு தீப்பொறி ஆகிய மூன்றே. காற்று பெரும்பாலும் கைவிடுவதில்லை என்பதால் ஐயம் மற்ற இரண்டின் மீதே விழுகிறது.

பெட்ரோல் என்பது பல நீர்மங்களின் கலவை. அவற்றுள் இலேசானவை சுமார் 40 பாகை செல்சியஸிலேயே கொதிக்கத் தொடங்கிவிடும். சித்திரை வெயிலில் நெரிசலில் ஊர்ந்து செல்லும்போது, எஞ்சினோடு ஒட்டியிருக்கும் பம்பிலும் குழாயிலும் பெட்ரோல் ஆவியாகிறது; நீர்மத்தைத் தள்ளுவதற்கென்று அமைந்த பம்ப் ஆவியை அழுத்திப் பார்க்குமே தவிர, தள்ளாது. இதுவே ‘வேப்பர் லாக்’ எனப்படும் ஆவியடைப்பு. இன்னொரு காரணம் டேங்க் மூடியில் உள்ள சிறு துளை: பெட்ரோல் வெளியேறும் இடத்தை நிரப்பக் காற்றை உள்ளே விடும் அத்துளை தூசியால் அடைபட்டால், டேங்கினுள் வெற்றிடம் வளர்ந்து பம்பின் இழுவையை வென்றுவிடும்.

தீப்பொறித் தரப்பில் முதற்குற்றவாளி காயில். பேட்டரியின் 12 வோல்ட்டைப் பல ஆயிரம் வோல்ட்டாக உயர்த்தும் இதன் உட்கம்பிச்சுற்று, சூடேறினால் தொடர்பு அறுந்து, ஆறினால் மீண்டும் ஒட்டிக்கொள்ளும். டெல்கோ என்று பட்டறைகளில் வழங்கும் டிஸ்ட்ரிபியூட்டரில், ‘பிளாட்டினம்’ என்று அழைக்கப்படும் முனைகள் கருகாமல் காக்கும் கண்டன்சருக்கும் இதே குணம் உண்டு. மின்கோளாறு எனில் எஞ்சின் விளக்கை அணைத்தாற்போல் சட்டென்று நிற்கும் என்பதும், பெட்ரோல் கோளாறு எனில் குலுங்கித் திக்கித் திணறி நிற்கும் என்பதும் பொதுவிதி.

இந்நான்கு காரணங்களுக்கும் பொதுவான மருந்து காத்திருத்தல் என்பதே இத்துறையின் பெரும் துயரம். அரைமணியில் ஆவி குளிரும், காயில் ஆறும், டேங்கினுள் காற்று கசிந்து புகும். ஆகவே அந்த அரைமணியில் எவர் எதைச் செய்திருந்தாலும் அதுவே சிகிச்சையாகப் பெயர் பெறும். பம்பின் மீது ஈரத்துணி போட்டவர், பேட்டரி முனையைத் தட்டியவர், பிள்ளையாருக்குச் சிதறு தேங்காய் நேர்ந்துகொண்டவர், எதிர்க்கடையில் இளநீர் குடித்துவிட்டு வந்து சாவியைத் திருப்பியவர் ஆகிய நால்வரின் வெற்றி விகிதமும் ஏறத்தாழ ஒன்றே. இவர்களுள் முதலாமவருக்கு மட்டும் இயற்பியலின் ஆதரவு உண்டு. அதுவும் காரணம் ஆவியடைப்பாக இருந்தால்தான். பின்னர் வண்டி பட்டறைக்குப் போகும். அங்கே “இப்ப நல்லாத்தானே ஓடுது சார்” என்ற தீர்ப்பு கிடைக்கும்.

எனவே சான்று கிடைப்பது வண்டி செத்துக் கிடக்கும் அச்சில நிமிடங்களில் மட்டுமே; அப்போது அதைப் பிழைக்கவைக்க முயலாமல் விசாரிப்பவரே காரணத்தைக் கண்டறிவார். முதலில் டேங்க் மூடியைத் திறந்து, காற்று உறிஞ்சப்படும் ‘உஸ்’ ஒலி கேட்கிறதா என்று கவனித்து, மூடியை இறுக்கிவிட வேண்டும். அடுத்து, ஒரு பிளக்கைக் கம்பியோடு எஞ்சின் உலோகத்தில் தொடவைத்து, ஸ்டார்ட்டரைச் சுழற்றிப் பொறி பார்க்க வேண்டும். அது முடிந்த பின்னரே கார்புரேட்டருக்கு வரும் குழாயைக் கழற்றி, பெட்ரோல் வருகிறதா என்று புட்டியில் பிடித்துப் பார்க்க வேண்டும். பொறியையும் பெட்ரோலையும் ஒருசேரச் சோதிப்பவருக்குக் காரணம் தெரியாமலேயே கோளாறு நிரந்தரமாகத் தீர்ந்துவிடும். முறை எளிது, ஆயினும் பின்னால் பேருந்து ஒலியெழுப்ப, முகூர்த்த நேரம் நெருங்க, பட்டுப்புடவையில் குடும்பம் வியர்த்துக் கொண்டிருக்கையில், வண்டியைப் பிழைக்கவைக்காமல் ஆராயும் மனத்திண்மை சிலருக்கே வாய்க்கும்.

அத்தகைய ஆய்வு டேங்க் மூடியில் போய் முடியுமானால் இறுதிச் சிக்கல் எழுகிறது. ஓர் ஊசியால் துளையைக் குத்திவிட்டு, காசு வேண்டாம் என்று மெக்கானிக் சொன்னால், அதற்குள் காயில், கண்டன்சர், பம்ப் அனைத்தையும் மாற்றிவிட்டிருக்கும் உரிமையாளர் அதை ஒருபோதும் நம்பமாட்டார். வேறு பட்டறையைத் தேடிப் போவார். இதனை நன்கறிந்த மூத்த மெக்கானிக்குகள் வண்டியை இரண்டு நாள் நிறுத்திவைத்து, “பெரிய வேலை சார்” என்று சொல்லிக் கணிசமான தொகையை வாங்கிக்கொள்கிறார்கள். வாடிக்கையாளரின் நம்பிக்கையையும் பழுதுபார்த்துத் தருவதற்கான கூலி அது என்று கொண்டால், தொகை அதிகம் என்று சொல்ல முடியாது.