சத்தம் எந்த மடையில போவுது?

ஏல பேராண்டி, போனப் போட்டு உதறாத. உதறுனா சத்தம் வராது, உள்ள இருக்க ஸ்குரூதான் கழண்டு வரும். "ஐசி போயிட்டு, ரெண்டாயிரம் ஆவும்னு கடைக்காரன் சொல்லுதான் தாத்தா"ன்னு மூஞ்சத் தொங்கப்போட்டுட்டு வந்து நிக்க. ஐசின்னா என்னன்னு அவனும் சொல்லல, நீயும் கேக்கல. எஞ்சினியருக்குப் படிச்ச புள்ள, கேட்டா மரியாத போயிரும்லா! சரி, ரெண்டாயிரத்தக் கொண்டு குடுக்கதுக்கு முன்னால இந்தத் திண்ணையில ஒக்காந்து நாலு வார்த்த கேளு. எனக்கு ஃபீஸ் கெடையாது. அந்தச் சுண்ணாம்பு டப்பாவ மட்டும் எடுத்துக் குடு.

சத்தம் செத்துப் போவது அபூர்வம்ல. அது எங்கயோ போய்க்கிட்டுத்தான் கெடக்கும். குளத்துக்கு நாலஞ்சு மடை இருக்குல்லா, அப்படித்தான் ஆண்ட்ராய்டு போனுக்கும். பாட்டுக்கு ஒரு மடை, ரிங்குக்கு ஒரு மடை, அலாரத்துக்கு ஒண்ணு, எதிராளி பேசுததுக்கு ஒண்ணு. பக்கத்துல இருக்க பொத்தான அமுக்குனா எல்லாம் ஒண்ணாத் தொறந்துரும்னு நீ நெனைக்க. 2018ல ஆண்ட்ராய்டு 9 வந்ததுலேருந்து, சும்மா கெடக்கையில அந்தப் பொத்தான் பெரும்பாலும் பாட்டு மடையத்தான் தொறக்கும். ரிங் மடை அடச்சது அடச்சபடியே கெடக்கும். நீ சினிமாப் பாட்டுக்குத் தண்ணியத் தொறந்து விட்டுட்டு, ரிங் வயல் காஞ்சு போச்சுன்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரியுத. செட்டிங்ஸ்ல சவுண்டுக்குள்ள போ. அத்தன கோடும் வரிசையா நிக்கும். ஒவ்வொண்ணா இழுத்துப் பாரு.

உன் சேக்காளி வச்சிருக்கானே ஐபோன், அதுல இடது பக்கம் ஒரு குட்டி சுவிட்சு உண்டு. ஆரஞ்சுக் கோடு தெரிஞ்சா ஊமைன்னு அர்த்தம். பேன்ட் பையில போடுதப்ப உரசித் தன்னால தள்ளிக்கிடும். 2023ல ஐபோன் 15 ப்ரோ வந்தப்ப அந்த சுவிட்சத் தூக்கிட்டுப் பொத்தான வச்சுட்டான். பழி போட இனி வேற எடம் தேடணும்.

அடுத்தது 'தொந்தரவு செய்யாதே'. மேல பிறை நிலாவோ, வட்டத்துக்குள்ள ஒரு கோடோ தெரியுதான்னு பாரு. ராத்திரி இத்தன மணியிலேருந்து காலையில இத்தன மணி வரைக்கும் வாய மூடிக்கிட்டு இருன்னு நேரங் குறிச்சுக் குடுக்கலாம். நீ எந்திரிக்கதே பத்து மணிக்கு. அதுக்கேத்தாப்புலதான குறிச்சிருப்ப? அது சொன்ன சொல்லக் கேக்குது, நீ கெட்டுப்போச்சுங்க. கவுத்தி வச்சாலே வாய மூடிக்கிடுத போனும் உண்டு. உங்க அம்மை கண்ணுல படக் கூடாதுன்னு நீதான் எப்பவும் கவுத்தியே வைக்கியே, அப்புறம் எப்படில ரிங் வரும்?

ப்ளூடூத்தையும் அணைச்சுப் பாரு. நீ இங்க சத்தத்தக் காணோம்னு தேடுத. அது பீரோவுக்குள்ள கெடக்க உன் நெக்பேண்டுல போய்ப் பாடிக்கிட்டு இருக்கும். உள்ள யாரோ முணுமுணுக்காவன்னு ஆச்சி திருநீத்த எடுத்துட்டு வந்துட்டா. வாட்ஸப்புல வாய்ஸ் மெசேஜ் மட்டும் கேக்கலன்னா உன் வெரலப் பாரு. போன் உச்சியில ஒரு சென்சார் உண்டு. அத மறைச்சா, காதுல வச்சுட்டான்னு நெனச்சு, சத்தத்தக் காதுப் பக்கத்துக்கு மாத்தி விட்டுரும். பெரிய ஸ்பீக்கர் மூச்சு விடாது.

இதெல்லாம் சரியா இருந்தும் வரலன்னா மடை தூந்து கெடக்கும். சட்டப்பையிலுள்ள பஞ்சும் தூசியும் போய் அந்தச் சல்லடையில அப்பியிருக்கும். காதுப் பக்கத்துல உன் தேங்காயெண்ணெயும் வேர்வையும். மெத்துன்னு இருக்க காஞ்ச பல் பிரஷ்ஷால லேசாத் தட்டி விடு. ஸ்கிரீன் கார்டு அந்த ஓட்டைய மூடியிருக்கான்னும் பாரு. குண்டூசிய மட்டும் கையில எடுத்துராத. கீழ இருக்க பொடி ஓட்டையில ஒண்ணு மைக்கு. அதக் குத்திட்டன்னா, உனக்குக் கேக்காதது போவ, நீ பேசுததும் எவனுக்கும் கேக்காது. அதுல ஊருக்கு ஒரு நன்ம உண்டு, நான் இல்லங்கல. ஹெட்போன் ஓட்டையில பஞ்சு அடச்சாலும், ஹெட்செட்டு மாட்டியிருக்குன்னு போன் ஏமாந்து ஸ்பீக்கர ஊமையாக்கிரும்.

தண்ணியில போட்டுட்டியா? ஆச்சி அரிசிப் பானையத் தொடாத. அரிசிக்குள்ள வைக்காதீங்கடா, பொடித்துகள் போனக் கெடுத்துரும்னு ஆப்பிள் கம்பெனிக்காரனே சொல்லிட்டான். 2024ல அது பேப்பர்லயும் வந்துச்சு. ஓட்டை கீழ பாக்காப்புல புடிச்சு உள்ளங்கையில மெல்லத் தட்டு. காத்தோட்டமா வை. ஹேர் டிரையர் சூடு காட்டாத, அவசரப்பட்டுச் சார்ஜும் போடாத.

இவ்வளவும் பண்ணியும் சத்தம் வரலன்னா, இப்ப கடைக்குப் போ. போவதுக்கு முன்னால ஒருதரம் ஆஃப் பண்ணி ஆன் பண்ணு. ஹெட்செட்ட மாட்டிப் பாரு. அதுல கேட்டு வெளிய கேக்கலன்னா, நோவு அநேகமா ஸ்பீக்கர்லதான். "ஸ்பீக்கர மட்டும் மாத்து, பழச எங்கையில குடு"ன்னு சொல்லு. ஹெட்செட்டு, காதுப் பக்கம் ரெண்டுலயும் கேக்கலன்னா, அப்ப அவன் ஐசியப் பத்தி, அதான் உள்ள சத்தத்தப் பாத்துக்கிடுத சில்லப் பத்திப் பேசட்டும், நீ காது குடு. எல்லாத்தையும் அழிச்சு ரீசெட் போடணும்னு சொன்னாமுன்னா, போட்டோவெல்லாம் வேற எடத்துக்கு மாத்துனப்புறம் தலைய ஆட்டு.

கடைசியா ஒரு மடை இருக்கு, அதக் கடைக்காரன் சொல்ல மாட்டான். எல்லாருக்கும் ரிங் வருது, ஒருத்தர் கூப்பிட்டா மட்டும் வரலன்னு வையி. ஒவ்வொரு பேருக்கும் தனி ரிங்டோன் வைக்கலாம்ல. 'ஒண்ணுமில்ல'ன்னும் வைக்கலாம். கூப்பிடுதவருக்கு மணி போய்க்கிட்டே இருக்கும், உனக்குக் கொசு கத்துன மாதிரிகூடக் கேக்காது. உன் போன்ல 'தாத்தா'ங்குத பேரத் தொட்டுப் பாரு. தைப் பொங்கலுக்கு எங்கிட்ட வாங்குன கைமாத்துக்கும் இதுக்கும் சம்பந்தம் இருக்குன்னு நான் சொல்ல மாட்டேன். இனிமே உனக்குப் போனும் போட மாட்டேன். உனக்குப் பொண்ணு பாத்திருக்காவல்லா, அந்த வீட்டு வாசல்ல நின்னு பேரச் சொல்லிக் கூப்பிடுதேன். அத அமத்த எந்த செட்டிங்ஸுக்குள்ள போவன்னு பாக்கேன்.