மேடையில் ஒரு நாற்காலி பிடிப்பது எப்படி?
மதுரைப் புறநகர் பிரமுகர்களுக்கு ஒரு கையேடு

பொங்கல் முடிந்து அவனியாபுரம், பாலமேடு, அலங்காநல்லூர் வாடிவாசல்களை அடைத்த கையோடு மதுரையில் அடுத்த சீசன் தொடங்கிவிடும். பள்ளி ஆண்டு விழா சீசன். மார்ச் வந்தால் பொதுத்தேர்வு. அதனால் திருப்பாலை முதல் திருநகர் வரை, ஒத்தக்கடை முதல் பரவை வரை எல்லாப் பள்ளிக்கும் கிடைப்பது அந்தச் சில வெள்ளி, சனிகள்தான். ஒரே சாயங்காலத்தில் ஊரெங்கும் பந்தல், ஊரெங்கும் மைக் செட். ஒவ்வொரு மேடையிலும் முன்வரிசையில் சிவப்புத்துணி போர்த்திய நாற்காலிகள் ஆளுக்காகக் காத்திருக்கும்.

2011-இல் ஆனையூர், அவனியாபுரம், திருப்பரங்குன்றம் எல்லாம் மதுரை மாநகராட்சிக்குள் வந்தன. வார்டு 72 என்பது 100 ஆனது. ஆக, கவுன்சிலர் நூறு பேர்தான். எல்லா மேடைக்கும் அவர்கள் எப்படிப் போதுவார்கள்? மிச்ச நாற்காலிகள் உங்களைப் போன்றவர்களுக்காகத்தான் போட்டிருக்கின்றன. அதில் போய் உட்காரும் வழி தெரியாமல் பலர் இன்னும் பெற்றோர் வரிசையில் வியர்த்துக்கொண்டு இருக்கிறார்கள். அவர்களுக்காகவே இந்தக் கையேடு.

1. முதலில் ஒரு பதவி

வெறும் பெயரோடு யாரும் மேடையேற முடியாது. பெயருக்கு முன்னால் ஏதாவது ஒட்டியிருக்க வேண்டும். உங்கள் நகரில் குடியிருப்போர் நலச் சங்கம் ஒன்று கட்டாயம் இருக்கும். இல்லையென்றால் ஒரு லெட்டர்பேடு, ஒரு ரப்பர் ஸ்டாம்பு போதும், சங்கம் தயார்.

பதவியைத் தேர்ந்தெடுப்பதில் கவனம் தேவை. செயலாளர் என்றால் தெருவிளக்கு எரியவில்லை என்று ராத்திரி பதினொரு மணிக்கும் போன் வரும். பொருளாளர் என்றால் கணக்குக் கேட்பார்கள். கௌரவத் தலைவர், கௌரவ ஆலோசகர், புரவலர் ஆகிய மூன்றும்தான் உத்தமம். இவர்களிடம் யாரும் எதுவும் கேட்பதில்லை. நோட்டீஸில் மட்டும் பெயர் தடித்த எழுத்தில் வரும்.

2. பிளக்ஸ் வைக்கும் முறை

போஸ்டருக்கும் பிளக்ஸுக்கும் மதுரைக்காரனுக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. புதிதாக வருகிறவர்களுக்காக மட்டும் சில குறிப்புகள். படம் பத்து வருடத்துக்கு முந்தையதாக இருக்கட்டும். வெள்ளைச் சட்டை. செல்போன் காதில் இருக்க வேண்டும். பார்வை தூரத்தில் எங்கோ இருக்க வேண்டும். எதிர்முனையில் யாராவது பேசுகிறார்களா என்பது முக்கியமில்லை.

மாணவர்களைப் பாராட்டும் பிளக்ஸ் என்றால் மாணவர்களுக்கும் இடம் உண்டு. கீழ்வரிசையில், ஸ்டாம்பு அளவில். பொதுத்தேர்வில் மாநில முதலிடம், இரண்டாமிடம் என்று தரவரிசை அறிவிக்கும் வழக்கத்தைத் தமிழக அரசு 2017-லேயே நிறுத்திவிட்டது. பிள்ளைகள் மனம் நோகக்கூடாது என்பதுதான் காரணம். அதற்காக நாம் சோர்ந்துவிட முடியுமா? ஏரியா முதலிடம், ரோட்டு முதலிடம், கணக்கில் முதலிடம், கணக்கில் முதலிடத்துக்கு அடுத்த இடம் என்று பிரித்துப் பிரித்து வைத்தால் ஜூன் மாதம் முழுக்க மூலைக்கு மூலை பிளக்ஸ் நிற்கும். ஒவ்வொன்றிலும் நீங்கள் நிற்பீர்கள்.

அனுமதி வாங்க வேண்டுமே என்று யாராவது கேட்பார்கள். கேட்பதற்குக் காரணம் உண்டு. 2019 செப்டம்பரில் சென்னை பள்ளிக்கரணையில் சாலை நடுவில் வைத்திருந்த பேனர் சரிந்து, ஸ்கூட்டரில் வந்த ஓர் இளம் பொறியாளர் தண்ணீர் லாரியில் சிக்கி இறந்துபோனார். அன்றைக்கு முக்கியக் கட்சிகள் எல்லாம் இனி பேனர் வைக்க மாட்டோம் என்று சொல்லின. இந்த இடத்தில் மட்டும் கையேட்டில் வேடிக்கை எதுவும் இல்லை. நம் ஊர் வளைவுகளில் பேனர் கம்புகள் மறுபடி முளைத்துவிட்டன.

3. அழைப்பிதழில் இடம் பிடித்தல்

ஆண்டு விழா அழைப்பிதழைப் படிக்கத் தெரிந்துகொள்ளுங்கள். தலைமை, முன்னிலை, வரவேற்புரை, ஆண்டறிக்கை, வாழ்த்துரை, சிறப்புரை, நன்றியுரை. தலைமை என்றால் கடைசிவரை உட்கார வேண்டும். வரவேற்புரை என்றால் எல்லார் பெயரையும் தப்பில்லாமல் சொல்ல வேண்டும். ஒரு பெயர் விட்டுப்போனால் ஆயுள் பகை. நன்றியுரை சொல்லும்போது கூட்டம் சாப்பாட்டுப் பந்திக்குப் போயிருக்கும்.

கண்ணை மூடிக்கொண்டு கேட்க வேண்டியது முன்னிலை. பேச வேண்டாம், எழுந்திருக்கவும் வேண்டாம், நாற்காலி மட்டும் நிச்சயம். முன்னிலை வகிப்போர் எத்தனை பேர் என்பதற்கு எந்த விதியும் கிடையாது. பதினாறு பேர் முன்னிலை வகித்தாலும் தாளில் இடம் பத்தும். எழுத்தைக் கொஞ்சம் சின்னதாக்கினால் போயிற்று.

அழைப்பிதழில் ‘மாலை 5 மணி அளவில்’ என்று இருக்கும். அந்த ‘அளவில்’ உங்களுக்காகவே போட்டது. ஆறே முக்காலுக்குப் போங்கள். காரில் வந்து இறங்கியதும், ஓடிக்கொண்டிருக்கும் பாட்டை நிறுத்திவிட்டு, “நமது மதிப்பிற்குரிய அண்ணன் அவர்கள் வருகை தந்துள்ளார்கள்” என்று மைக்கில் சொல்வார்கள். மேடையில் ஆடிக்கொண்டிருந்த பிள்ளைகள் தூக்கிய கையைத் தூக்கியபடியே நிற்பார்கள். நீங்கள் கும்பிட்டுக்கொண்டே நடக்கலாம்.

4. தமிழ்த்தாய் வாழ்த்தில் நிற்பது

இதற்கு எழுந்து நிற்க வேண்டுமா என்ற கேள்வி ஒரு காலத்தில் நம் ஊர் உயர் நீதிமன்றக் கிளை வரைக்கும் போனது. அப்படிக் கட்டாயப்படுத்தச் சட்டம் இல்லை என்று அங்கே சொன்னார்கள். உடனே 2021 டிசம்பரில் தமிழக அரசு அதை மாநிலப் பாடல் என்று அறிவித்து, எல்லாரும் எழுந்து நிற்க வேண்டும் (மாற்றுத்திறனாளிகளுக்கு விலக்கு), இசைத்தட்டில் ஓட்டாமல் வாயால் பாட வேண்டும், 55 நொடியில் பாட வேண்டும் என்று ஆணை போட்டது.

மொத்த விழாவிலும் நேரத்துக்கு முடிகிற நிகழ்ச்சி அது ஒன்றுதான். பாடுவது பிள்ளைகள் என்பதால் அப்படி.

5. எந்த விழாவுக்கும் பொருந்தும் மதுரைச் சிறப்புரை

தப்பித்தவறி மைக் கைக்கு வந்துவிட்டால் பயப்பட வேண்டாம். பொருளுக்கு இங்கே பஞ்சமே இல்லை. சங்கம் வளர்த்த மதுரை என்று ஆரம்பியுங்கள். 1901-இல் பாண்டித்துரைத் தேவர் நான்காம் தமிழ்ச் சங்கம் கண்டதைச் சொல்லுங்கள். 1904-இல் பாரதியார் சேதுபதி உயர்நிலைப் பள்ளியில் சில மாதம் தமிழாசிரியராக இருந்ததைச் சொல்லுங்கள். 1921 செப்டம்பரில் மேலமாசி வீதியில் காந்தி அரையாடைக்கு மாறியதைச் சொல்லுங்கள். கடைசியில் கீழடி. அது சிவகங்கை மாவட்டத்தில் இருக்கிறதே என்று மேடையில் யாரும் குறுக்குக் கேள்வி கேட்கப் போவதில்லை.

விளையாட்டு விழாவோ அறிவியல் கண்காட்சியோ எல்.கே.ஜி. பிள்ளைகளின் பட்டமளிப்போ, இதே பேச்சுதான். ஒவ்வொரு பத்தியின் முடிவிலும் “மாணவச் செல்வங்களே” என்று சேர்த்தால் கல்வி உரையாகிவிடும். “நான் நீண்ட நேரம் பேச விரும்பவில்லை” என்று நடுநடுவே சொல்லிக்கொள்ளுங்கள். அது அரை மணி நேரத்துக்கு அனுமதி வாங்கியது போல.

பாரதியார் அந்தப் பள்ளியில் ஆண்டு விழா மேடையில் உட்கார்ந்தாரா என்று யாரும் பேசுவதில்லை. வகுப்பில் நின்று பாடம் நடத்தினார் என்பதைத்தான் நூற்றிருபது வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறோம். இந்த உண்மையை உங்கள் உரையில் சேர்க்க வேண்டாம்.

6. பொன்னாடை

பொன்னாடை ஒருபோதும் கிழியாது. யாரும் அதை உடுத்துவதில்லை என்பதால் வந்த ஆயுள் அது. உங்களுக்குப் போர்த்தியதை மடிப்புக் கலையாமல் கார் டிக்கியில் வையுங்கள். அடுத்த விழாவில் எம்.எல்.ஏ.வுக்குப் போர்த்த உதவும். நல்ல ஜரிகைச் சால்வை ஒன்று ஒரே சீசனில் விளாங்குடியில் கிளம்பி, கூடல்நகர், ஆனையூர், ஊமச்சிகுளம் என்று சுற்றி, மறுபடி உங்கள் தோளுக்கே வந்துசேர வாய்ப்புண்டு. மூலையில் பேனாவால் ஒரு புள்ளி வைத்து வையுங்கள், தெரியும்.

7. பிள்ளைகளைச் சமாளித்தல்

விழாவில் பிள்ளைகளும் இருப்பார்கள். தவிர்க்க முடியாது. கூட்டம் வேண்டுமே.

மேடைக்குப் பக்கவாட்டில் ஐந்தாம் வகுப்பு அறையைப் பார்த்தால் தெரியும். ரெண்டாம் வகுப்புப் பிள்ளை ஒன்று மயில் வேஷத்தில் மூன்று மணியிலிருந்து உட்கார்ந்திருக்கும். முதுகில் அட்டைத்தோகை கட்டியிருப்பதால் சாய முடியாது. கன்னத்து ரோஸ் பவுடர் வியர்வையில் வழிந்து காலர் வரைக்கும் வந்திருக்கும். உதட்டுச் சாயம் போய்விடும் என்று தண்ணீரும் உறிஞ்சுகுழலில்தான். அம்மா ஊக்கை வாயில் கவ்விக்கொண்டு, ஏழு மணிக்குக் கேட்பார்:

“மிஸ், எங்க பிள்ள டான்ஸ் எப்ப மிஸ்?”

“இந்தா, அடுத்ததுதாம்மா. ரெண்டு வாழ்த்துரை மட்டும் இருக்கு.”

எட்டரைக்கும் இதே கேள்வி, இதே பதில். ஒன்பது மணிக்குப் பாட்டு ஓடும்போது மயில் பெஞ்சில் குப்புறப் படுத்துத் தூங்கிக்கொண்டிருக்கும். எழுப்பி மேடையேற்றினால் ரெண்டு தப்படி வைத்து அழும். கூட்டம் கைதட்டும். அதற்குள் நீங்கள் கிளம்பிப் போயிருக்க வேண்டும். “வேறு நிகழ்ச்சி இருப்பதால்” என்று சொல்லிவிட்டு எழுந்தால் மரியாதை கூடும்.

பரிசளிப்பில் கேடயத்தை உடனே விட்டுவிடாதீர்கள். பிள்ளை ஒரு கையால் இழுக்கும். நீங்கள் விடாமல் கேமராவைப் பாருங்கள். போட்டோகிராபர் “ஓகே சார்” என்றபின் விடலாம்.

8. பேப்பரில் செய்தி

மறுநாள் உள்ளூர்ப் பக்கத்தில் வராத விழா நடக்காத விழா. எழுதிக் கொடுப்பதும் சுலபம். ‘மதுரை இன்ன நகரில் இன்ன பள்ளியில் ஆண்டு விழா நடந்தது. தாளாளர் தலைமை வகித்தார். இன்னார், இன்னார், இன்னார் முன்னிலை வகித்தனர். தலைமை ஆசிரியை வரவேற்றார். மாணவர்களின் கலைநிகழ்ச்சி நடந்தது. உதவித் தலைமை ஆசிரியர் நன்றி கூறினார். ஏற்பாடுகளை ஆசிரியர்கள் செய்திருந்தனர்.’

நாலு மாதம் ஒத்திகை பார்த்த இருநூறு பிள்ளைகளும் மூன்றே சொல்லில் அடங்கிவிட்டதைக் கவனியுங்கள். உங்கள் பெயர் மட்டும் முழுசாக, இனிஷியலோடு இருக்கும்.

9. கெட்ட முன்னுதாரணங்கள்: எச்சரிக்கை

இவ்வளவு சொல்லியும் சிலர் வழிதவறிப் போகிறார்கள். யா. கொடிக்குளத்தில் பூரணம் அம்மாள் என்று ஒருவர், வங்கி ஊழியர். ஊர் நடுநிலைப் பள்ளியை உயர்நிலைப் பள்ளியாக்க இடம் வேண்டும் என்றபோது, கோடிக்கணக்கில் விலைபோகும் 1 ஏக்கர் 52 சென்ட் நிலத்தைத் தானப்பத்திரம் எழுதிக் கொடுத்துவிட்டார். மறைந்த மகள் ஜனனியின் பெயரை வைக்க வேண்டும் என்று மட்டும் கேட்டார். மேடை கேட்கவில்லை, மைக் கேட்கவில்லை, முன்னிலைகூட வகிக்கவில்லை. விஷயம் வெளியே தெரிந்து 2024 குடியரசு தின விழாவில் முதலமைச்சர் சிறப்பு விருது கொடுத்தார். எல்லாரும் இப்படிக் கிளம்பிவிட்டால் பிளக்ஸ் கடைக்காரர் பிழைப்பு என்னாவது?

இன்னொன்று, கீழ அண்ணாத்தோப்பு ஆதிமூலம் மாநகராட்சித் தொடக்கப் பள்ளி. முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15 அன்று அங்கேதான் தொடங்கியது. தொடக்க நாளில் கேமரா நிறைய வந்தது. மறுநாளிலிருந்து கேமரா இல்லாமலே உப்புமா, கிச்சடி, பொங்கல் என்று அடுப்பெரிகிறது. தினமும் நடக்கிற, யாரும் தலைமை வகிக்காத நிகழ்ச்சியில் உங்களுக்கு என்ன வேலை? அந்தப் பக்கம் போகாதீர்கள்.

இதைவிட ஆபத்தானது பள்ளி மேலாண்மைக் குழு. 2009 கல்வி உரிமைச் சட்டப்படி அரசுப் பள்ளிகளில் இது இருந்தே ஆக வேண்டும். முக்கால்வாசிப் பேர் பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். 2022-இல் தமிழகத்தில் மாற்றியமைத்தபோது, படிக்கிற பிள்ளையின் தாய் ஒருவரே தலைவர் என்று வைத்துவிட்டார்கள். அங்கே பொன்னாடை கிடையாது. கழிப்பறைக்குத் தண்ணீர் வருகிறதா, மானியப் பணம் எதில் செலவானது, ஒன்பதாம் வகுப்பில் வராமல் நின்ற பையன் எந்த லேத் பட்டறையில் இருக்கிறான் என்றெல்லாம் பேசுவார்கள். வகுப்பறைப் பெஞ்சில் முட்டி இடிக்க உட்கார வேண்டும். சிவப்புத்துணி போர்த்திய நாற்காலிக்குப் பழகியவர்களுக்கு இடுப்பு பிடித்துவிடும்.

இவ்வளவு எச்சரித்த பிறகும் போகத்தான் போகிறேன் என்கிறவர்களுக்குக் கடைசியாக ஒரு வார்த்தை. உங்கள் தெருப் பள்ளியில் அடுத்த கூட்டம் என்றைக்கு என்று எச்.எம்.மிடம் கேளுங்கள், சொல்வார். சரியான நேரத்துக்குப் போங்கள். ஆண்டு விழாவுக்கும் போங்கள், ஆனால் பெற்றோர் வரிசையில் உட்காருங்கள். “பேசுறதெல்லாம் பெறகு, முதல்ல சின்னப் பிள்ளைகளை ஆடவிடுங்கண்ணே” என்று கமிட்டிக்காரரிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள். அதற்கு எந்தப் பதவியும் தேவையில்லை.