மூக்குக்கும் புரோட்டாவுக்கும் என்ன பகை?

புதுக்கோட்டையில் இப்போது மூக்கு அடைத்தால் முதல் எஃப்.ஐ.ஆர். புரோட்டா மேல்தான். "சைனஸா? கோதுமையை நிறுத்துங்கண்ணே, எல்லாம் குளூட்டன் பண்ற வேலை" என்கிறார் டீக்கடை நிபுணர். அந்த நேரம் கல்குவாரி லாரி கிளப்பிவிட்டுப் போகும் தூசியை யாரும் விசாரிப்பதில்லை.

கோதுமைப் புரதமான குளூட்டனால் குடல் கெடும் சீலியாக் நோய்க்கான எதிர்ப்பொருள் ரத்தத்தில் உள்ளவர்கள், 2016-இல் வெளியான ஆய்வின்படி வட இந்தியாவில் 100 பேரில் ஒருவருக்குச் சற்று மேல்; தெற்கே 1,000 பேரில் ஒருவர். குளூட்டன்தான் சைனஸுக்குக் காரணம் என்பது இன்னும் நிரூபணமாகவில்லை. நாளெல்லாம் மாவுத் தூசியைச் சுவாசிக்கும் பேக்கரி மாஸ்டருக்கு மூக்கில் ஒவ்வாமை வருவது உண்மை. அது வேறு வழக்கு.

மூக்கடைத்த நம்மவரோ கோதுமையைத் தொடமாட்டேன் என்று சபதமே போட்டுவிட்டார். 'குளூட்டன் ஃப்ரீ' என்று அச்சடித்த அரிசி முறுக்கைக் கூடுதல் காசு கொடுத்து வாங்குகிறார். அரிசியில் அது என்றைக்கு இருந்தது? வீட்டு சாம்பாரில் மட்டும் தாராளமாகப் பெருங்காயம். கடைப் பெருங்காயத்தில் பெரும்பாலும் மைதாவோ கோதுமை மாவோ சேர்மானம்!

அடைப்பு 12 வாரம் தாண்டினால் காது, மூக்கு, தொண்டை மருத்துவரைப் பாருங்கள். சீலியாக் சந்தேகம் இருந்தால், ரத்தப் பரிசோதனை முடியும்வரை கோதுமையை நிறுத்தாதீர்கள். நிறுத்திவிட்டுப் போனால் நோய் இருந்தும் சோதனையில் அகப்படாமல் போகலாம்.